குர்ட் தாமஸ் போன கோடை

ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியின் 2004 முதல் 2010 வரையிலான டிரேடுகளை அலசுகிறவர்கள் வழக்கமாக மூன்று பெயர்களில் நின்றுவிடுகிறார்கள்: ஜோ ஜான்சன், ராஜான் ராண்டோ, ஷகீல் ஓநீல். முதலாமவரைப் போகவிட்டது, இரண்டாமவரை விற்றது, மூன்றாமவரை வாங்கியது. ஸ்டீவ் நாஷின் கையில் பந்து இருந்த அந்த ஆண்டுகளில் அணி ஒருமுறைகூட இறுதித் தொடரை எட்டாமல் போனதற்கு இம்மூன்றில் ஒன்றைக் காரணம் காட்டுவது பழக்கமாகிவிட்டது. குர்ட் தாமஸின் பெயரைச் சொல்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு டிரேடின் நூலையும் பிடித்துக்கொண்டே போனால், அறுந்த இடம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

கதை 2004 ஜனவரியில் தொடங்குகிறது. ஸ்டெஃபான் மார்பரியையும் பென்னி ஹார்டவேயையும் நியூயார்க் நிக்ஸுக்கு அனுப்பியபோது பொது மேலாளர் பிரையன் கொலாஞ்சலோவுக்குக் கிடைத்தவற்றில் நிக்ஸின் முதல் சுற்றுத் தேர்வுகள் இரண்டு இருந்தன. அடுத்த மாதமே டாம் குக்லியோட்டாவின் சம்பளச் சுமையை இறக்கிவைப்பதற்காக அவ்விரண்டையும் யூட்டாவுக்குக் கொடுத்தார். ஆறு ஆண்டு கழித்து அவற்றில் ஒன்றைக் கொண்டு யூட்டா கோர்டன் ஹேவர்டை எடுத்தது. இதை ஒரு தவறாகக் குறித்துவைத்திருப்பவர்கள் உண்டு. அது நியாயமில்லை. அன்று கழித்த சுமையால் கிடைத்த இடத்தில்தான் அந்தக் கோடையில் நாஷ் வந்தார். முப்பது வயது, முதுகு வலி, டல்லாஸ் முதலாளி மார்க் கியூபன் நீண்ட ஒப்பந்தம் தரத் தயங்கிய ஆட்டக்காரர். அவருக்கு ஃபீனிக்ஸ் ஆறு ஆண்டுக்குச் சுமார் 6.5 கோடி டாலர் கொடுத்தது. 29 வெற்றியோடு முடித்திருந்த அணி மறு சீசனில் 62 வென்றது. நாஷ் அடுத்தடுத்து இரண்டு முறை எம்விபி ஆனார். பின்னாளில் யார் எந்தத் தேர்வில் வந்தார் என்பதை வைத்து முன்னாள் முடிவை எடைபோடுவது குறி சொல்வதற்குச் சமம். அன்று கையில் என்ன இருந்தது, அன்று என்ன தெரிந்திருந்தது, அன்று எது குறையாக இருந்தது என்பவைதான் அளவுகோல்.

அந்த அளவுகோலில் வைத்தால் அதே கோடையின் இன்னொரு முடிவு தேறாது. 2004 டிராஃப்டில் ஏழாவது தேர்வு ஃபீனிக்ஸிடம் இருந்தது. அந்த இடத்தில் எடுக்கப்பட்ட லுவால் டெங் உடனே சிகாகோவுக்குக் கைமாறினார். பதிலுக்கு ஜாக்சன் வ்ரோமன், ஒரு வருங்கால முதல் சுற்றுத் தேர்வு, கொஞ்சம் ரொக்கம். டெங் இரண்டு முறை ஆல்-ஸ்டார் ஆனார் என்பது பிற்காலச் செய்தி, அதை விட்டுவிடலாம். நீண்ட கை, ஓயாத ஓட்டம், யாரையும் மறிக்கும் உடல் என்பது அன்றே தெரிந்த செய்தி. பயிற்சியாளர் மைக் டான்டோனியின் ஓட்டத்துக்கு அச்சில் வார்த்த ஆள்.

சிகாகோவின் அந்த வருங்காலத் தேர்வு எங்கே போனது என்பதுதான் இந்தக் கதையின் முதல் முடிச்சு. 2005இல் அது 21ஆவது தேர்வாக வந்தது. அதில் நேட் ராபின்சன் எடுக்கப்பட்டு, குவென்டின் ரிச்சர்ட்சனோடு சேர்த்து நியூயார்க்குக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து வந்தவர் குர்ட் தாமஸ். ரிச்சர்ட்சன் சாதாரண ஆட்டக்காரர் அல்ல. ஃபீனிக்ஸில் ஆடிய ஒரே சீசனில் 226 த்ரீ பாயிண்டர்கள் போட்டு லீகின் முதலிடத்தைக் கைல் கோர்வரோடு பகிர்ந்துகொண்டவர். ஆனாலும் இந்த டிரேடு சரியானது. ஏனென்றால் அந்த ஆண்டு ஃபீனிக்ஸ் எதனால் தோற்றது என்பது ஊரறிந்தது. மேற்குப் பிரிவு இறுதியில் சான் அன்டோனியோ 4-1 என்று வென்றபோது டிம் டங்கனை வளையத்தடியில் நிறுத்த ஆள் இல்லை. டங்கனைத் தாங்கத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று நிர்வாகம் நினைத்தது, தேடியது, கண்டெடுத்தது. அந்தக் காலத்தில் ஃபீனிக்ஸ் எடுத்த முடிவுகளில் நாஷுக்கு அடுத்தபடியாகத் தெளிவானது இது.

ஜோ ஜான்சன் விஷயத்துக்கு இங்கே வர வேண்டியிருக்கிறது, அதே 2005 கோடையில் நடந்ததால். 47.8 சதவீதம் த்ரீ பாயிண்டர் போட்டவர், 24 வயது, நாஷ் ஓய்வெடுக்கும்போது பந்தைக் கொண்டுவரத் தெரிந்தவர். டல்லாஸ் தொடரில் முகத்தில் எலும்பு முறிந்து, சான் அன்டோனியோவுடனான முதல் இரண்டு ஆட்டங்களில் இறங்க முடியவில்லை. இரண்டும் சொந்த ஊர் ஆட்டங்கள், இரண்டும் தோல்வி. 2004இலேயே நீட்டிப்பு ஒப்பந்தம் பேசப்பட்டது. அவர் கேட்டதற்கும் ஃபீனிக்ஸ் கொடுக்க முன்வந்ததற்கும் நடுவே இருந்த தூரம் அதிகமில்லை. மறு ஆண்டு அட்லாண்டா ஐந்தாண்டுக்குச் சுமார் 7 கோடி டாலர் கொடுக்க வந்தது. அதற்குள் அவர் மனம் முறிந்து, அந்த விலைக்கு ஈடுகொடுக்க வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். பதிலுக்கு போரிஸ் தியாவும் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளும் வந்தன.

இதைப் பெரும் பிழை என்பவர்களோடு முழுவதும் ஒத்துப்போக முடியாது. தியாவ் அட்லாண்டாவில் பெஞ்சில் கிடந்தவர். ஃபீனிக்ஸில் முதல் சீசனிலேயே சராசரியாக 13.3 புள்ளி, 6.9 ரீபவுண்டு, 6.2 அசிஸ்ட். முழங்கால் அறுவையால் அமாரே ஸ்டவுடமையர் அந்த ஆண்டு மூன்றே ஆட்டங்கள் ஆடிய நிலையில், கார்டாக வந்தவர் சென்டராக நின்று பந்தை முதுகுக்குப் பின்னாலிருந்து விநியோகித்த அழகை மறக்க முடியாது. ஜான்சனை இழந்தது இழப்புதான். ஆனால் அந்த இழப்பு வெறுங்கையோடு முடியவில்லை.

வெறுங்கையாக முடிந்தது அதோடு வந்த தேர்வு. லேக்கர்ஸில் தொடங்கி பாஸ்டன், அட்லாண்டா வழியாக வந்த 2006இன் 21ஆவது தேர்வு அது. அதில் எடுக்கப்பட்ட ராண்டோ, பிரையன் கிரான்ட்டின் சம்பளத்தையும் சுமந்துகொண்டு பாஸ்டனுக்குப் போனார். கிளீவ்லாந்தின் 2007 தேர்வும் ரொக்கமும் வந்தன. அந்தத் தேர்வில் எடுத்த ரூடி ஃபெர்னான்டஸை, ஜேம்ஸ் ஜோன்ஸோடு சேர்த்து, போர்ட்லாண்டுக்கு 30 லட்சம் டாலருக்கு விற்றார்கள். 2006இன் 27ஆவது தேர்வான செர்ஹியோ ரோட்ரிகஸும் அதேபோல ரொக்கத்துக்குப் போர்ட்லாண்டுக்கே போனார். ராண்டோ நாஷின் நிழலில் ராண்டோவாக ஆகியிருக்க மாட்டார் என்ற வாதத்தில் உண்மை உண்டு. எறியத் தெரியாத கார்டை டான்டோனி அதிக நேரம் களத்தில் விட்டிருக்க மாட்டார். ஆனால் அதே கோடையில், நாஷுக்கு மாற்று வேண்டும் என்று மார்கஸ் பேங்க்ஸுக்கு ஐந்தாண்டுக்குச் சுமார் 2.1 கோடி டாலர் எழுதிக்கொடுத்தார்கள். இரண்டு இளம் கார்டுகளை விற்ற கையோடு, அதே வேலைக்கு இன்னொருவருக்கு அவர்களைவிடக் கூடுதல் சம்பளம். இதற்கு எந்தச் சமாதானமும் எடுபடவில்லை. பேங்க்ஸ் ஃபீனிக்ஸில் எதையும் விட்டுச்செல்லவில்லை.

அட்லாண்டாவின் இரண்டாவது தேர்வு 2007இல் முதல் மூன்று இடத்துக்குள் விழாவிட்டால் ஃபீனிக்ஸுக்கு வந்திருக்கும். குலுக்கலில் சரியாக மூன்றாம் இடம் விழுந்தது. அட்லாண்டா அல் ஹார்ஃபோர்டை எடுத்துக்கொண்டது. 1969இல் நாணயம் சுண்டியதில் பூவுக்குப் பதில் தலை கேட்டுத் தோற்று, கரீம் அப்துல்-ஜபாரை மில்வாக்கிக்கு விட்ட அணி இது. இவை கெட்ட நேரம். கெட்ட நேரத்தையும் கெட்ட முடிவையும் ஒரே கூடையில் போட்டுக் குலுக்குவதுதான் டிரேடு பேச்சின் பெரிய நோய்.

குர்ட் தாமஸுக்குத் திரும்பலாம்.

1972இல் பிறந்தவர். டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக அணியில் 1994-95 சீசனில் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் புள்ளி, ரீபவுண்டு இரண்டிலும் ஒரே ஆண்டில் முதலிடம் பிடித்தவர். அவருக்கு முன் அதைச் செய்தவர்கள் இருவரே. என்பிஏவில் அந்தப் பெயர் தொடரவில்லை. ஒரு ஆல்-ஸ்டார் ஆட்டத்தில்கூட அவர் ஆடியதில்லை. ஆறடி ஒன்பது அங்குல உயரம் சென்டருக்குக் குறைவு, எகிறலும் சுமார். ஆனால் அவர் ஸ்கிரீன் போடும் விதத்தைப் பார்க்க வேண்டும். பல நெட்டையர்கள் ஸ்கிரீனுக்கு வந்து நிலைகொள்வதற்கு முன்பே நழுவிவிடுவார்கள், அல்லது கடைசிக் கணத்தில் இடுப்பை நீட்டி ஃபவுல் வாங்குவார்கள். தாமஸ் வருவார், காலை அகட்டி ஊன்றுவார், நிற்பார். நாஷைத் துரத்தி வந்தவர் அந்தச் சுவரில் மோதி ஒரு நொடியைத் தொலைப்பார். நாஷுக்கு ஒரு நொடி ஏராளம்.

ஸ்டவுடமையர் ஸ்கிரீன் போட்டால் மறுகணம் வளையத்தை நோக்கிப் பாய்வார், அரங்கம் எழும். தாமஸ் பாயமாட்டார். இரண்டடி பின்வாங்கி ஃப்ரீ த்ரோ கோட்டின் முனையில் நின்று, பந்து வந்ததும் தரையை அதிகம் விட்டெழாமல், மணிக்கட்டை மட்டும் மடக்கி எறிவார். ஆரவாரம் இருக்காது, வலை அசையும் சத்தம்தான் இருக்கும். பதினாறு பதினேழு அடியிலிருந்து எறியும் இரண்டு புள்ளியை இன்றைய பயிற்சியாளர்கள் விரயம் என்கிறார்கள். சராசரிக் கணக்கில் அது சரிதான். ஆனால் அந்த இடத்திலிருந்து தவறாமல் போடத் தெரிந்த ஒருவர் நிற்கும்போது எதிரணி நெட்டையர் வளையத்தடியை விட்டு வெளியே வந்தே ஆக வேண்டும். அவர் வெளியே வந்தால் உள்ளே ஷான் மேரியன் வெட்டிக்கொண்டு ஓடுவதற்குப் பாதை திறக்கும். மேரியனின் கணக்கில் ஏறிய புள்ளிகளில் எத்தனை இப்படித் தாமஸால் திறந்தவை என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. ஸ்கிரீனால் விளைந்த புள்ளிகளுக்கு இன்று தனிக் கணக்கு வைக்கிறார்கள். அன்று அதுவும் இல்லை.

டிஃபென்ஸில் அவர் கலை இன்னும் நுட்பம். டங்கனுக்கு இடப்பக்க போஸ்ட் சொந்த வீடு. அங்கே பந்தை வாங்கி, முகத்தைத் திருப்பி, பலகையில் சாய்த்து எறிவார். அந்தக் கோணத்தில் அவர் தவறுவது அபூர்வம். தாமஸ் அந்த எறியைத் தடுக்க முயன்றதே இல்லை. பந்து வருவதற்கு முன்பே முழங்கையை இடுப்பில் பதித்து, தொடையால் நெருக்கி, டங்கன் நிற்க விரும்பிய இடத்திலிருந்து ஒரு முழம் வெளியே தள்ளிவிடுவார். ஒரு முழம் தள்ளியதும் பலகைக் கோணம் மாறிவிடும். போலி அசைவுக்கு அவர் கால் தரையை விட்டு எழாது. இதையெல்லாம் துணை இல்லாமல் தனியாகச் செய்வார் என்பதே முக்கியம். டங்கனை இரண்டு பேர் சூழ வேண்டியிருந்தால் புரூஸ் போவன் மூலையில் தனியாக நிற்பார். மூலையில் தனியாக நிற்கும் போவன் என்றால் த்ரீ பாயிண்டர். தாமஸ் களத்தில் இருந்தால் மூலைக்கு ஆள் இருந்தார்.

2006 பிப்ரவரியில் அவர் பாதத்தில் எலும்பு விரிசல் கண்டு அந்த சீசன் பாழாயிற்று. ஸ்டவுடமையரும் இல்லாத அணி டல்லாஸிடம் 4-2 என்று பிரிவு இறுதியில் தோற்றது. 2007 மே மாதம், இருவரும் நலமாக இருந்தபோது, மீண்டும் சான் அன்டோனியோ. டங்கன் அந்தத் தொடரிலும் நிறையவே புள்ளி எடுத்தார். ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் உழைத்தார். தொடர் 2-2 என்று சமமாயிற்று. நான்காவது ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ராபர்ட் ஹோரி நாஷை இடுப்பால் இடித்து மேசை மீது தள்ள, பெஞ்சிலிருந்து எழுந்து வந்ததற்காக ஸ்டவுடமையருக்கும் தியாவுக்கும் ஓர் ஆட்டத் தடை. ஐந்தாவது ஆட்டத்தில் ஃபீனிக்ஸ் 88-85 என்று தோற்றது. ஆறாவதும் கைவிட்டுப் போனது. சான் அன்டோனியோ இறுதித் தொடரில் கிளீவ்லாந்தை நான்குக்கு நான்கு வென்றது.

அந்தத் தடை அநீதி என்று இன்றும் கொதிப்பவர்கள் உண்டு. கொதிப்பு நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் வேறொன்றை மறைத்துவிட்டது. அந்தத் தொடர் காட்டிய பாடம், இந்த அணி இதே ஆட்களோடு சான் அன்டோனியோவுக்கு ஈடுகொடுக்கும் என்பதே. ஆட்களைக் கலைக்காமல் இன்னொரு முறை போயிருக்க வேண்டும்.

ஜூலையில் கலைத்தார்கள். ராபர்ட் சார்வர் 2004இல் சுமார் 40 கோடி டாலருக்கு வாங்கிய அணி ஆடம்பர வரிக் கோட்டைத் தாண்டி நின்றது. தாமஸுக்கு ஓராண்டு ஒப்பந்தம் மிச்சம், சம்பளம் சுமார் 80 லட்சம் டாலர்; வரியோடு அது இரட்டிப்பு. அவரை சியாட்டிலுக்கு அனுப்பினார்கள். அவரை ஏற்றுக்கொள்வதற்குக் கூலியாக இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளும் போயின, 2008க்கு ஒன்று, 2010க்கு ஒன்று. பதிலுக்கு ஆட்டக்காரர் ஒருவர்கூட வரவில்லை. 2008 தேர்வில் சியாட்டில் செர்ஜ் இபாக்காவை எடுத்தது. மூன்று முறை சிறந்த டிஃபென்ஸ் முதல் அணியில் இடம்பெற்றவர், இரண்டு சீசன் பிளாக்கில் முதலிடம். இபாக்காவை இப்போது நினைத்து ஏங்குவது குறி சொல்வதாகத்தான் முடியும். அவர் இல்லாமலே இந்தக் கணக்கு உதைக்கிறது: தேவையான ஆளைக் கொடுப்பதற்கு மேல்பணமும் கொடுத்தார்கள்.

அதே ஜூலையில் கிரான்ட் ஹில்லை ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கும் குறைவாக எடுத்தது அருமையான வேலை. ஐந்து சீசன் ஆடினார், அதில் ஒன்றில் 82 ஆட்டமும். ஆனால் ஹில் டங்கனைத் தாங்கும் ஆள் அல்ல.

ஏழு மாதம் கழிந்தது. 2008 பிப்ரவரியில் 34-14 என்று மேற்கின் உச்சியில் நின்ற அணி, மேரியனையும் பேங்க்ஸையும் மயாமிக்குக் கொடுத்து ஷகீல் ஓநீலை வாங்கியது. ஓநீலுக்கு 35 வயது. ஆண்டுக்கு 2 கோடி டாலர், இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி. மேரியன் மனக்கசப்பில் இருந்தார், முந்தைய இலையுதிர்காலத்திலேயே வெளியே அனுப்பும்படி கேட்டிருந்தார் என்பது உண்மை. பொது மேலாளராகப் பொறுப்பேற்றுச் சில மாதமே ஆன ஸ்டீவ் கெர்ரின் கை கட்டப்பட்டிருந்ததும் உண்மை. ஆனால் இந்த டிரேடுக்குச் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும்: டங்கன் போன்றவர்களை உள்ளே தாங்க ஒரு பெரிய உடல் வேண்டும். கையில் இருந்த அந்த உடலை, 80 லட்சம் டாலர் அதிகம் என்று, மேல்பணம் கொடுத்து அனுப்பியது ஏழு மாதத்துக்கு முன்புதான். அதே ஓட்டையை அடைக்க இப்போது 2 கோடி. அதோடு டோனி பார்க்கரிலிருந்து டங்கன் வரை யாரையும் மறிக்கத் தெரிந்த மேரியனும் போனார்.

இரண்டு வாரம் கழித்து சியாட்டில் குர்ட் தாமஸை வேறோர் அணிக்கு மாற்றியது. அந்த அணி சான் அன்டோனியோ.

ஏப்ரலில் முதல் சுற்றிலேயே இரு அணிகளும் மோதின. முதல் ஆட்டத்தில், அந்த சீசனில் அதுவரை ஒரு த்ரீ பாயிண்டர்கூடப் போடாத டங்கன், மேலே தனியாக நின்று ஒன்றைப் போட்டு ஆட்டத்தை இரண்டாவது கூடுதல் நேரத்துக்கு இழுத்தார். சான் அன்டோனியோ 117-115 என்று வென்றது. மூன்றாவது ஆட்டத்தில் பார்க்கர் 41 புள்ளி எடுத்தார். ஓநீலை ஒவ்வொரு பிக் அண்ட் ரோலிலும் வெளியே இழுத்து, அவர் திரும்புவதற்குள் உள்ளே புகுந்தார். வெளியே வந்து மறித்துவிட்டுத் தன் ஆளிடம் திரும்புவது தாமஸுக்குக் கைவந்த வேலை. அவர் இப்போது எதிர் பெஞ்சில். 4-1.

ஓநீலின் தரப்பில் வாதிடுபவர்கள் 2008-09ஐக் காட்டுவார்கள். ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் கோபி பிரையன்ட்டோடு எம்விபியைப் பகிர்ந்துகொண்ட ஆண்டு அது. அவர் தனியாக நன்றாகவே ஆடினார். அணி பிளே-ஆஃபுக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் ஒன்றைப் பாராட்ட வேண்டும். 2008 டிராஃப்டில் சான் அன்டோனியோ எடுத்த கோரான் டிராகிச்சை ஃபீனிக்ஸ் ரொக்கமும் கொடுத்து வாங்கியது. விற்றுப் பழகிய அணி வாங்கிய அபூர்வம். 2010இல் சான் அன்டோனியோவை 4-0 என்று துடைத்தெறிந்த தொடரில், மூன்றாவது ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் மட்டும் அவர் 23 புள்ளி எடுத்தார். ஓராண்டுக்குள் அவரையும், ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் சேர்த்து, ஆரன் புரூக்ஸுக்காக ஹூஸ்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஸ்டவுடமையர் அந்த 2010 கோடையிலேயே நியூயார்க் போனார். 2012இல் நாஷ் லேக்கர்ஸுக்குப் போனார்.

இன்று டிரேடு பேச்சு பெருத்துவிட்டது. ஆட்டத்தைப் பார்ப்பது சிறுத்துவிட்டது. ஆட்டக்காரரைச் சொத்து என்கிறார்கள், தேர்வை மூலதனம் என்கிறார்கள், காலாவதியாகும் ஒப்பந்தத்துக்கு விலை சொல்கிறார்கள். ஒருவர் எந்த இடத்தில் நிற்பார், யாரை எவ்வளவு தூரம் தள்ளுவார் என்ற பேச்சே எழுவதில்லை. அந்தக் கண்ணோடு பார்ப்பவருக்குத் தாமஸை அனுப்பியது ஒரு சில்லறைச் சிக்கனமாகவே தெரியும்.

தாமஸ் நாற்பது வயது வரை, 2013 வரை, என்பிஏவில் ஆடினார். 2007 மே மாதத் தொடரை மறுபடி பார்க்க வாய்க்கிறவர்கள் ஓர் ஆட்டமாவது பந்தை விட்டுவிட்டு, இடப்பக்க போஸ்டில் டங்கனுக்குப் பின்னால் நிற்பவரின் கால்களை மட்டும் பார்க்க வேண்டும்.